ஐந்தாவது மாடிக் கடல்

சிங்கப்பூரில் யீஷூன் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம் சாமி படம், வலதுபக்கம் செருப்பு அலமாரி, நேரெதிரே கடல். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அடியில் இருக்கும் அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி, பம்ப், குழாய்கள். எல்லாம் சேர்த்து 200 லிட்டர் உப்புத் தண்ணீர். அதில் இரண்டு கோமாளி மீன்கள், தரையைச் சுத்தம் செய்யும் நத்தைகள், 17 பவளங்கள்.

கடலுக்குச் சொந்தக்காரர் 30 வருடம் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் ட்யூஷன் எடுப்பவர். பிளாக் முழுக்க அவரை ‘டீச்சர்’ என்றே அழைக்கும். 9 வருடத்துக்கு முன் தொட்டி வந்தபோது டீச்சர் அதற்கு வைத்த பெயர் ‘சக்களத்தி’. ராத்திரி 10 மணிக்கு எழுந்து டார்ச் அடித்து அதைப் பார்க்கிற மனுஷன், கட்டின பொண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது அப்படிப் பார்க்கவில்லை என்பது அவர் மனக்குறை. கரண்ட் பில் வருகிற நாளில் அந்தக் குறை கொஞ்சம் சத்தமாகவே வெளிவரும். சிங்கப்பூர் வெயிலில் தண்ணீரை 26 டிகிரியில் வைக்க, மனிதர்களுக்கு ஏசி இருக்கிறதோ இல்லையோ, பவளத்துக்குக் குளிர்விப்பான் ஓடியே ஆக வேண்டும்.

பவளம் என்றதும் பலருக்கு மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான் ஞாபகம் வரும். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு, “இதை வெட்டி மோதிரம் பண்ணிக்கலாமா?” என்று கேட்பதுண்டு. பண்ண முடியாது. நகைக்கடைப் பவளம் வேறு குடும்பம். காலங்காலமாக மத்திய தரைக்கடலிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது அது. தொட்டியில் இருப்பவை பவளப்பாறை கட்டுகிற கொத்தனார்கள். பாலிப் என்கிற சிறு உயிர், தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் காலடியில் கல்லாக வைத்துக்கொண்டே போகும். ஒரு பவளம் என்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பாலிப்புகள் சேர்ந்த ஊர்.

கடலில் இதற்குப் பஞ்சம் கிடையாது. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். எவ்வளவு எடுத்தாலும் அலை கொண்டுவந்து கொட்டிவிடும். 200 லிட்டர் தொட்டியில் யார் கொட்டுவார்கள்? வீட்டுக்காரர்தான் கொட்ட வேண்டும். பவளம் நன்றாக வளர்ந்தால் கால்சியம் குறையும். குறைந்தால் வளர்ச்சி நிற்கும். அதனால் நன்றாக வளர்கிற தொட்டியில்தான் தலைவலி அதிகம்.

இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பவளத்துக்குக் கால்சியம் மட்டும் போதாது, கார்பனேட்டும் அதே விகிதத்தில் வேண்டும். அந்தக் கையிருப்பைக் காட்டும் அளவுக்கு ‘கேஹெச்’ என்று பெயர். கடல்நீரில் அது சுமார் 7. தொட்டிகளில் 8 வாக்கில் வைப்பார்கள். பவளங்கள் 20 மில்லிகிராம் கால்சியம் சாப்பிட்டால், கூடவே கேஹெச்சில் 2.8 காலியாகும். 420 இருந்த கால்சியம் 400 ஆகும், ஒன்றும் மோசமில்லை. 8 இருந்த கேஹெச் 5.2 ஆகும், பவளம் சுருண்டுவிடும். கால்சியம் வங்கியில் போட்ட டெபாசிட் என்றால், கேஹெச் பர்ஸில் இருக்கிற சில்லறை. இரண்டிலும் ஒரே தொகைதான் போகிறது. ஆனால் முதலில் காலியாவது பர்ஸ். கால்சியம், கால்சியம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் பலருடைய தொட்டியில் உண்மையில் தீர்ந்துபோயிருப்பது இதுதான்.

இதெல்லாம் டீச்சருக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கணவர் காபி டம்ளரைக் கீழே போட்டார். வலது கை தூக்க முடியவில்லை. வாய் கோணியது. ஆம்புலன்ஸ் சீக்கிரம்தான் வந்தது. மூளையின் இடதுபக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்று நான்காம் நாள் சொன்னார்கள். ஆனால் பேச்சு போய்விட்டது.

பேச்சு போவது என்றால் ஊமையாவது அல்ல. அதை டீச்சருக்குப் புரியவைக்கப் பேச்சுப் பயிற்சியாளர் அரைமணி நேரம் செலவழித்தார். சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். சொல்ல வேண்டியதும் மனதில் இருக்கும். வார்த்தைதான் வழி தவறிவிடும். “ஆமாம்”, “இல்லை” என்று தலையாட்டச் சொல்லிக் கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள், அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றியே பேசுங்கள் என்றார். பிடித்த விஷயம் எது என்று டீச்சர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மருத்துவமனையும் பயிற்சி மையமுமாக 40 நாள் போயிற்று. அந்த 40 நாளும் டீச்சர் காலையில் ஓடிப்போய் இரவில்தான் வீடு வருவார். தொட்டி தன்பாட்டுக்கு ஓடியது. கணவர் எல்லாவற்றுக்கும் மோட்டார் வைத்திருந்தார். தண்ணீர் ஆவியானால் நல்ல தண்ணீரை இழுத்து ஊற்ற ஒன்று. கால்சியக் கரைசலையும் கார்பனேட் கரைசலையும் நாள் முழுக்கத் தனித்தனியாகச் சொட்ட ஒன்று. டீச்சர் செய்ததெல்லாம் மூன்று வேலை: மீனுக்குத் தீனி, நல்ல தண்ணீர்க் கேனை நிரப்புவது, நுரை வடிகட்டியின் கோப்பையில் சேரும் கழிவைக் கொட்டுவது. அந்தக் கோப்பையில் தினமும் அரை லிட்டர் சேர்ந்தது. வெளிர் டீத் தண்ணீர் மாதிரி இருக்கும். கொட்டிவிட்டுக் கழுவி வைத்தார். மகன் பெர்த்திலிருந்து தினமும் கூப்பிடுவான். “அம்மா, அதை வித்துடுங்கம்மா. உங்களால ரெண்டையும் பாத்துக்க முடியாது” என்றான். நியாயமான பேச்சுதான். டீச்சர் மீன்கடையில் விலைகூடக் கேட்டார்.

கணவர் வீல்சேரில் வீட்டுக்கு வந்த அன்று, கதவைத் திறந்ததும் அவர் முகம் திரும்பியது தொட்டிப் பக்கம். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையால் வீல்சேரின் கைப்பிடியைத் தட்டினார். டீச்சரும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். விரல் விரலாக நீட்டி ஆடிக்கொண்டிருக்கும் டார்ச் பவளம் உள்ளே சுருங்கிக் கிடந்தது. கிளைப் பவளங்களின் நுனி வெளிறியிருந்தது. பின்கண்ணாடியில் படர்ந்திருந்த ரோஸ் நிறப் பாசி, சுவரில் பெயின்ட் உரிவது போல வெள்ளை வெள்ளையாகப் போயிருந்தது. அலமாரியைத் திறந்தால், சொட்டு மோட்டார் வெறும் காற்றைச் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கேன்களும் காலி. எத்தனை நாளாகவோ.

விற்பதாக இருந்தாலும் உயிரோடுதானே விற்க வேண்டும்! இழுப்பறையிலிருந்து கணவரின் நோட்டை எடுத்தார் டீச்சர். 9 வருடக் கணக்கு. தேதி, உப்பு, கேஹெச், கால்சியம், மெக்னீசியம். ஒவ்வொரு வரியும் கிட்டத்தட்ட ஒன்று போல: 35, 8, 420, 1300. ‘இந்த மனுஷன் பால்கணக்கைக்கூட இப்படி எழுதினதில்லையே’ என்று நினைத்துக்கொண்டே சோதனைப் பெட்டியைத் திறந்தார்.

சோதனையில் உதவியது ட்யூஷனுக்கு வரும் ஒரு பையன். உயர்நிலை மூன்றில் படிக்கிறான். ‘பொருள்’ என்பதற்கும் ‘பெருள்’ என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் டீச்சரை அழவைப்பவன். ஆனால் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, பொடியைப் போட்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது அவன் ஆளே மாறிவிட்டான். “டைட்ரேஷன், டீச்சர். கலர் மாறுற அந்த ஒரு சொட்டுதான் முக்கியம். வேகமா விட்டீங்கன்னா தாண்டிப் போயிடும்.” இளஞ்சிவப்பாக இருந்த தண்ணீர் ஒரு சொட்டில் நீலமானது. கால்சியம் 360. கேஹெச் 5.

மீன்கடைக்காரர் சீனர். “ஆன்ட்டி, கால்சியம் லோ, கேஹெச் லோ, ரெண்டும் ஊத்துங்க” என்று இரண்டு பொடி டப்பா கொடுத்தார். மெதுவாக ஊற்றச் சொன்னார். எவ்வளவு மெதுவாக என்று சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. 200 லிட்டரில் கால்சியத்தை 40 உயர்த்த 30 கிராம் வரை கால்சியம் குளோரைடு வேண்டும். கேஹெச்சை 3 உயர்த்த சோடா சாம்பல் 11 கிராம் போதும். இரண்டையும் தனித்தனி டம்ளரில் கரைத்து, ஒரே சாயங்காலம், ஒரே மூலையில், ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினார். தொட்டி மோராகிப்போனது.

காரணம் எளிதுதான். ஒரு கரைசலில் கால்சியம், இன்னொன்றில் கார்பனேட். இரண்டும் கெட்டியாக ஒரே இடத்தில் சந்தித்தால் பவளத்துக்காகக் காத்திருக்காமல் அங்கேயே சுண்ணாம்புக்கல்லாகிவிடும். பம்பின் மேல் படியும், மணலில் படியும், தண்ணீரில் தங்காது. அதனால்தான் மோட்டார் வைத்து, குழாய்களைத் தள்ளித் தள்ளி வைத்து, நாள் முழுக்கச் சொட்டாக விடுகிறார்கள். மறுநாள் சோதித்தால் கேஹெச் 6, கால்சியம் 385. ஊற்றியதில் பெரும்பங்கு வெள்ளைத் தூளாகக் கீழே கிடந்தது. நல்ல வேளை, மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்துதான் கணவருக்கு அந்தக் கோபம் ஆரம்பித்தது.

இடது ஆள்காட்டி விரலால் நாக்கைத் தொட்டுக் காட்டுவார். பிறகு எதிரே கையை நீட்டுவார். ஹாலில் அவர் உட்காரும் இடத்திலிருந்து நேரெதிரே தொட்டி. தொட்டிக்குப் பின்னால் சமையலறை. டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. ரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ரசம், கூட்டு, இட்லி எல்லாமே சப்பென்றுதான் போய்க்கொண்டிருந்தன. உப்புக் கண்டம் தின்று வளர்ந்த நாக்கு பாவம் என்ன செய்யும்?

“உப்பு வேணுமாங்க?”

பலமாகத் தலையாட்டினார். ஆமாம், ஆமாம்.

“டாக்டர் கூடாதுன்னுட்டாருங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க.”

கைப்பிடியில் ஓங்கி ஓர் அடி அடித்தார். கண்ணில் தண்ணீர். டீச்சர் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதார். இப்படி நான்கு நாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கச் சொன்னார். பிழிந்து கொடுத்தார், அவர் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் தொட்டிக்கு டீச்சர் நிதானமாகவே ஊற்றிவந்தார். காலையில் ஒன்று, இரவில் மற்றது, ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில், சில கிராம்தான். கேஹெச் மெல்ல ஏறி ஏழரையைத் தொட்டது. கால்சியம் 400 ஆனது. நோட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய சரி. ஆனாலும் டார்ச் பவளம் விரலை நீட்டவில்லை. கிளைப் பவளம் ஒன்று அடியிலிருந்து தோல் உரிவது போல உரிந்து, இரண்டு நாளில் வெறும் எலும்பாக நின்றது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு.

அந்த வெள்ளை எலும்பு டீச்சருக்குப் புதிதல்ல. தூத்துக்குடி பக்கம் கடலோரக் கிராமம் அவருடையது. தாத்தாவுக்குச் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. வள்ளத்தில் கடலிலிருந்து கல் வந்து இறங்கும். கல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மூளை மாதிரி உருண்டையானது, மான்கொம்பு மாதிரி கிளைத்தது, தேன்கூடு மாதிரி துளைத்துளையானது. கல்லும் கரியுமாக அடுக்கிச் சுடுவார்கள். சுட்ட கல்லில் தண்ணீரைத் தெளித்தால் புஸ்ஸென்று ஆவி கிளம்பி, கல் வெடித்து மாவாகும். பொங்கலுக்கு ஊர் முழுக்க அந்தச் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். வீட்டுக் கொல்லையில் சின்னக் குழந்தைகள் அந்தக் கற்களை வைத்துக் கடை விளையாடினார்கள். அது உயிராக இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நாளில் என்ன பெரிய வித்தியாசம் வந்திருக்கும் என்று தெரியவில்லை. அடுப்பெரிய வேண்டும், வீடு வெளுக்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் அப்படிப் பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பவளப்பாறை போனது. பாறைதான் அலைக்குத் தடுப்பு. அது போனதும் தீவுகளை அலை அரித்தது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு அடியில். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கு என்ன சட்டமோ அதே அட்டவணை. ராமேஸ்வரம் போகிறவர்கள் கடற்கரையில் கிடக்கிற ஒரு துண்டை அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றம்தான். நாடு விட்டு நாடு கடினப் பவளங்களை வாங்கி விற்கவும் சர்வதேச அனுமதிச் சீட்டு வேண்டும். டீச்சர் வீட்டுப் பவளங்களில் பாதிக்கு மேல் கடலையே பார்த்தவை அல்ல. வேறொருவர் தொட்டியில் வளர்ந்த கிளையை ஒடித்து ஒட்டியவை. செம்பருத்திக் குச்சியை வெட்டி நடுவது மாதிரிதான்.

மூன்று போனபிறகு 14. டீச்சர் அந்த வெள்ளை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். மெக்னீசியம். அதை அவர் சோதித்ததே இல்லை, யாரும் கேட்கவில்லை. மெக்னீசியம் தண்ணீரில் ஒரு போலீஸ்காரர் மாதிரி. கால்சியமும் கார்பனேட்டும் தாங்களாகவே சேர்ந்து கல்லாகிவிடாமல் தடுக்கிறது. வளரப் பார்க்கும் சுண்ணாம்புப் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு மேலே வளர விடாது. அது குறைந்தால் என்ன ஊற்றினாலும் பம்பில்தான் படியும். பையன் வந்து சோதித்தான். 1170.

“இதையும் வாங்கணுமா?” என்று டீச்சர் பர்ஸைத் தேட, பையன்தான் நிறுத்தினான். “டீச்சர், பவளம் மெக்னீசியத்தை ரொம்பக் கொஞ்சம்தான் எடுக்கும்னு இந்த நோட்டுலயே அங்கிள் எழுதியிருக்காரே. அப்புறம் 130 எங்க போச்சு?”

எங்கே போனது? யார் தின்றது? இருவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கைப்பிடியில் தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் நாக்கு, மறுபடியும் கை. டீச்சர் எரிச்சலை அடக்கிக்கொண்டு, “சமையல் ஆகலீங்க இன்னும்” என்றார். அவர் விடவில்லை. வீல்சேரைத் தள்ளச் சொல்லி இடது காலால் தரையை உந்தினார். டீச்சர் தள்ளிக்கொண்டு போனார். தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் கையைத் தூக்கி மேலே நீட்டப் பார்த்தார். எட்டவில்லை. பையன் கீழ் அலமாரியைத் திறந்தான். உள்ளே இருந்த சின்னத் தொட்டியில் விரலை விட்டு, எடுத்து, நாக்கில் வைத்துக்கொண்டார். பிறகு டீச்சர் முகத்துக்கு எதிரே அந்த விரலை ஆட்டினார். இல்லை. இல்லை.

“உப்பு இல்லையா?” என்றார் டீச்சர். “தொட்டியிலயா?”

அவர் கண்ணை மூடித் தலையை வீல்சேரில் சாய்த்துக்கொண்டார். நான்கு நாள் கத்திக் கத்திக் களைத்தவர் மாதிரி.

நாக்கால் அந்த வித்தியாசம் தெரியுமா என்று கேட்டால், சந்தேகம்தான். 9 வருடம் தினமும் அந்தத் தண்ணீரில் கை விட்டவர், தெரிந்தாலும் தெரியும். ஆனால் டார்ச் பவளம் சுருங்கியதையும், நிறைந்து வழியும் கோப்பையையும் பார்த்தே அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். மனிதருக்கு வாய்தான் போனது.

டீச்சர் உப்பை ஏன் அளக்கவில்லை என்பதற்கும் நியாயம் உண்டு. உப்புத் தொட்டியைப் பற்றிக் கணவர் அவருக்குச் சொன்ன ஒரே பாடம் அது: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பாடம் சரிதான். ஆனால் நுரை வடிகட்டி தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஓடினால் அதன் கோப்பையில் கொஞ்சமாக, கெட்டியாக, கறுப்பாக, நாற்றமடிக்கும் கழிவு சேரும். வெளிர் டீத் தண்ணீர் வந்தால் அது தொட்டியின் உப்புத் தண்ணீரையே வாரி வெளியே ஊற்றுகிறது என்று அர்த்தம். தினமும் அரை லிட்டர், 40 நாள், 20 லிட்டர். அத்தனையும் சாக்கடைக்குப் போக, மோட்டார் விசுவாசமாக அதன் இடத்தில் நல்ல தண்ணீரை ஊற்றியது. 200-இல் 20. பத்தில் ஒரு பங்கு. உப்பு அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டீச்சர். 35 இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்றரை.

1300-இல் பத்தில் ஒன்று போனால் 1170. மெக்னீசியத்தை யாரும் தின்னவில்லை.

தீர்வு சுலபம், அவசரப்பட்டால்தான் ஆபத்து. 700 கிராம் உப்பு வேண்டும். சமையல் உப்பு ஆகாது, அதில் சோடியம் குளோரைடைத் தவிர ஒன்றும் இல்லை. பவளத் தொட்டிக்கென்று கால்சியமும் மெக்னீசியமும் கலந்து வரும் உப்பு. அதைத் தூக்கி அப்படியே கொட்டினால் மிச்சம் 14-உம் போயிருக்கும். தினமும் ஆவியாகும் 3 லிட்டருக்குப் பதில், நல்ல தண்ணீருக்கு மாற்றாகக் கடல் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றினார். நாளுக்கு அரைப் புள்ளி வீதம் ஏறி, ஒரு வாரத்தில் 35. மெக்னீசியம் டப்பா வாங்க வேண்டியிருக்கவில்லை. தானாக 1300-க்கு வந்தது. கால்சியமும் கூடவே ஏறி 440-ஐத் தொட்டதால் அந்தப் பொடியையும் ஓரங்கட்டினார். நுரை வடிகட்டியின் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணவர் விரலால் காட்டினார். எட்டாம் நாள் காலையில் டார்ச் பவளம் இரண்டு விரலை நீட்டியிருந்தது. மகனுக்கு வீடியோ காலில் காட்டியபோது, “எதும்மா? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றான். தெரியாதுதான். பெர்த்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்?

அதன்பிறகு டீச்சர் செய்த ஒரு காரியம் கணவருக்கு முதலில் பிடிக்கவில்லை. சொட்டு மோட்டாரை நிறுத்தினார். பவளம் வளர்ப்பில் ஒரு பழைய முறை இருக்கிறது. பீட்டர் வில்கென்ஸ் என்பவர் ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளுக்கு முன்பு பிரபலப்படுத்தியது. இன்றும் எல்லோரும் அதை ஜெர்மன் மொழியில் ‘கால்க்வாசர்’ என்றே சொல்கிறார்கள். மீன்கடைக்காரர் அந்தப் பெயரைப் பெரிய மந்திரம் போலச் சொன்னார். அர்த்தம் கேட்டபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீர்! வெற்றிலைக்குத் தடவுகிறோமே, தாத்தா வீட்டில் நீற்றி வைப்பார்களே, அதன் தெளிவு.

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் சுண்ணாம்புக்குமேல் பெரிதாகக் கரையாது. மிச்சம் அடியில் தங்கும். கரைந்த தெளிவில் பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் கேஹெச்சும் சரியான விகிதத்தில் இருக்கும், ஒன்று கூடி ஒன்று குறையாது. தினமும் ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக இதையே ஊற்றலாம். 200 லிட்டர் தொட்டிக்கு 3 லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீர் போனால் கால்சியம் 12 மில்லிகிராம், கேஹெச் ஒன்றேமுக்கால் வரை கிடைக்கும். விலையும் சொற்பம். ஆனால் காரம் பயங்கரம், பிஹெச் 12-க்கு மேல். கண்ணில் பட்டால் ஆபத்து. தொட்டியில் மொத்தமாகக் கவிழ்த்தால் மறுபடி மோர்தான். ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விளக்கு அணைந்தபின் தொட்டியில் பிஹெச் இறங்கும், அதையும் இது தூக்கிப் பிடிக்கும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பும் வீட்டுக்கு அடிக்கும் சுண்ணாம்பும் இதற்கு உதவாது. அவற்றில் வேறு என்னென்ன உலோகங்கள் இருக்குமோ. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு என்று கேட்டு வாங்க வேண்டும்.

டீச்சர் லிட்டருக்கு அரை கிராமில் ஆரம்பித்தார். மூடியுள்ள கேனில் கலக்கி, அடியில் படியவிட்டு, தெளிவை மட்டும் இறுத்து எடுத்தார். மூடி வைக்காவிட்டால் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மேலே பாலாடை மாதிரி படியும். அந்த ஆடை வேறொன்றுமில்லை, சுண்ணாம்புக்கல். காளவாயில் கல்லிலிருந்து பிரித்து எடுத்ததை அது காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. டீச்சருக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியிருக்கவில்லை. பழைய சுவரில் சுண்ணாம்பு ஏன் கல்லாக இறுகுகிறது என்று தாத்தா சொல்லக் கேட்டவர்.

மருத்துவமனையில் கைகளுக்குப் பூச இருந்த டியூப்பைக் குளுகுளுவென்று தொங்கவிட்டது மாதிரி, சொட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம் வைத்த குழாயைக் கேனில் மாட்டினார். கணவர் முறைத்தார். தன் மோட்டாரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று டீச்சர் எண்ண ஆரம்பித்து, போன் வந்து பாதியில் விட்டார். திரும்பி வந்தபோது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் சரியாக வரவில்லை. ஆனால் ஒழுங்காகத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். பேச்சுப் பயிற்சியாளரிடம் சொன்னபோது, வரிசையாக எண்ணுவது பலருக்குப் பேச்சுக்கு முன்னால் வரும், அதை விடாதீர்கள் என்றார். அதிலிருந்து சொட்டு எண்ணுவது அவர் வேலை. இரவு 9 மணிக்கு, சீரியல் முடிந்ததும்.

இப்போது 15 பவளங்கள். மீன்கடைக்காரர் ஒரு கிளை கொடுத்தார். பதிலுக்கு டார்ச் பவளத்தில் ஒரு தலையை வெட்டி எடுத்துக்கொண்டார். விலை கேட்டது மகனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, டீச்சருக்கு மறந்துபோனது. கரண்ட் பில் வரும் நாளில் இன்னமும் சத்தம் உண்டு. ஒரே வித்தியாசம், ‘உங்க சக்களத்தி’ என்பதில் ‘உங்க’ போய்விட்டது.

கேஹெச் ஒருநாள் விட்டு ஒருநாள், கால்சியம் வாரம் ஒருமுறை, மெக்னீசியமும் உப்பும் ஞாயிற்றுக்கிழமை. சோதிப்பது டீச்சர், நோட்டில் எழுதுவது கணவர், இடது கையால். எழுத்து முதல் வகுப்புப் பையனுடையது மாதிரி சரிந்து விழும். போன ஞாயிறு அவர் எழுதியிருந்த கேஹெச் 7.7-ஆ 1.1-ஆ என்று டீச்சருக்குப் புரியவில்லை. கேட்டால் முறைப்பார். பேசாமல் இன்னொரு குப்பித் தண்ணீர் எடுத்து மறுபடியும் சோதித்துப் பார்த்தார். 7.7.